டிசம்பர் கிடாவுக்கு வயசு சொல்றது ஏன் இவ்ளோ கஷ்டம்

அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல வில்லால மான் வேட்டையாட லைசென்ஸ் வாங்கினா கிடாவுக்குன்னு, அதாவது ஆண் மானுக்குன்னு, ஒரே ஒரு டேக் தான் கைக்கு வரும், டேக்னா ஒரு மான் எடுக்க அனுமதிச் சீட்டு. துப்பாக்கி சீசனுக்கு தனி லைசென்ஸ், தனி டேக், அது வேற கணக்கு. வில் சீசன் செப்டம்பர் நடுவுல ஆரம்பிச்சு ஜனவரி வரைக்கும் ஓடுது, இந்த நாலு மாசத்துல எந்தக் கிடாவ அடிச்சாலும் அந்த வருஷத்துக்கு வில்லுல கிடா முடிஞ்சுது, அப்புறம் பெண் மான் டேக் மிச்சம் இருந்தா அத வச்சு உக்காரலாம், அவ்ளோதான். அதனால பரண் மேல இருக்கிற நேரத்துல பெரும்பாலும் அம்பு விடற வேலையே கிடையாது, வர்ற கிடா ஒவ்வொண்ணையும் பாத்து இத எடுக்கலாமா விடலாமான்னு மனசுக்குள்ள ஓட்டிட்டே இருக்கறது தான் வேலை.

இங்க ஆண் மானை பக்னு சொல்வாங்க. நான் கிடானே எழுதறேன், எனக்கு அது தான் வாய்ல வருது. பழைய தமிழ்ல ஆணுக்கு கலை, பெண்ணுக்கு பிணை, குட்டிக்கு மறின்னு தனித்தனியா பேர் வச்சிருந்தாங்க, தூரத்துல இருந்து பாத்தே இது எதுன்னு பிரிச்சு சொல்லத் தெரிஞ்சவங்க வச்ச பேரு அதெல்லாம். நம்ம ஊர்ல இன்னிக்கு மான் மேல கை வச்சா 1972 வனவிலங்கு சட்டப்படி ஜெயில், அது சரியான சட்டம் தான், அங்க மான் நிலைமை வேற. இங்க நான் சொல்றது வெள்ளை வால் மான், அமெரிக்கா முழுக்க இப்போ சுமாரா 3 கோடி இருக்குன்னு சொல்றாங்க.

இந்த 3 கோடிக்கு பின்னாடி ஒரு கதை இருக்கு, அது தெரியாம கிடாவ விடறதுங்கற பழக்கம் எங்கேர்ந்து வந்துதுன்னு புரியாது. 1900 வாக்குல கறிக்கும் தோலுக்கும் சந்தைக்கு அடிச்சு அடிச்சு இந்த மான் மொத்தமே 5 லட்சம் தேறாத நிலைக்குப் போயிடுச்சு. அந்த வருஷம் லேசி சட்டம் வந்து திருட்டு வேட்டை மாமிசம் மாநிலம் விட்டு மாநிலம் போறத தடுத்தாங்க, 1937ல பிட்மன் ராபர்ட்சன் சட்டம் வந்து துப்பாக்கி தோட்டா மேல போட்ட வரிப்பணம் நேரா வனவிலங்கு வேலைக்குப் போக ஆரம்பிச்சுது, பின்னாடி 1970கள்ல வில் அம்பையும் அதுல சேத்தாங்க. மான் பெருகணும்னா பெண் மானை அடிக்கக் கூடாது, கிடாவ மட்டும் அடிங்கன்னு ரெண்டு தலைமுறைக்கு சொல்லிக் குடுத்தாங்க. மானும் பெருகிடுச்சு. ஆனா அந்தப் பழக்கம் நிக்கல, பெண் மானை அடிக்கறது பாவம்ங்கற மாதிரி அது ஊறிப்போச்சு, கொம்புன்னு எது தெரிஞ்சாலும் அடிக்கறது வழக்கமாயிடுச்சு, விளைவு என்னன்னா 1980கள் கடைசில நாடு முழுக்க அடிபட்ட கொம்புக் கிடாக்கள்ல பாதிக்கு மேல, 1989 கணக்குல 62%, வெறும் ஒன்றரை வயசு கன்னுக்குட்டிங்க. வாழ்க்கைல மொத தடவையா கொம்பு மொளச்ச வருஷமே போயிடுச்சுங்க.

இதுக்கு எதிரா டெக்ஸாஸ்ல ஆல் பிரதர்ஸ்னு ஒரு வனவிலங்கு அறிஞர் 1970கள்லயே பேச ஆரம்பிச்சாரு, சின்னக் கிடாவ விடுங்க, பதிலுக்கு பெண் மானைத் தேவையான அளவு எடுங்க, நிலம் தாங்கற அளவுக்கு மந்தைய வையுங்கன்னு. 1988ல சவுத் கரோலினால ஜோ ஹேமில்டன் இதுக்குன்னே ஒரு சங்கம் ஆரம்பிச்சாரு, இப்போ அது நேஷனல் டீர் அசோசியேஷன்ங்கற பேர்ல இருக்கு. சட்டமா பெரிய அளவுல போட்டது பென்சில்வேனியா, 2002ல, ஒரு பக்கக் கொம்புல மூணு கிளை இருக்கணும், மேற்கு மாவட்டங்கள்ல நாலு, இல்லன்னா அடிக்கக் கூடாது. கேரி ஆல்ட்ங்கற அறிஞர் ஊர் ஊரா போய் பேசி அத கொண்டு வந்தாரு, அவ்ளோ எதிர்ப்பு. இன்னிக்கு நாடு முழுக்க அடிபடற கிடாக்கள்ல ஒன்றரை வயசுக்காரங்க 30% பக்கம் இறங்கிட்டாங்க, அதுல பெரும்பகுதி எந்த சட்டமும் இல்லாம வேட்டைக்காரங்க தாங்களா விட்டதால வந்த மாற்றம், எனக்கு இத நினைக்கறப்ப உண்மையிலேயே பெருமையா இருக்கும்.

சரி ஏன் விடணும், கொம்புக்காகவா? கொம்பு ஒரு பகுதி தான், ஆனா மொதல்ல அதைப் பேசிடலாம், ஏன்னா எல்லாரும் அங்க தான் தப்பு பண்றாங்க.

மான் கொம்பு ஆட்டுக் கொம்பு மாதிரி ஆயுசுக்கும் நிக்கறது இல்ல, அது எலும்பு, வருஷா வருஷம் விழுந்து வருஷா வருஷம் புதுசா மொளைக்கும். ஏப்ரல் வாக்குல வெல்வெட் மாதிரி ஒரு தோலுக்குள்ள வளர ஆரம்பிச்சு ஆகஸ்ட்ல முழுசாகி, செப்டம்பர்ல அந்தத் தோலை மரத்துல தேச்சு உரிச்சுடும். எல்லாம் பகல் நீளத்தை வச்சு நடக்குது, பகல் குறையக் குறைய டெஸ்டோஸ்டிரோன் ஏறுது, நவம்பர் நடுவுல இணை சேர்ற காலம், இங்க ரட்னு சொல்வாங்க, அப்போ உச்சம், அது முடிஞ்சு ஹார்மோன் இறங்கினதும் கொம்பு மண்டையோட சேர்ற இடத்துல எலும்பை உடம்பே கரைச்சு விட்டுடும், ஒரு நாள் கொம்பு அப்படியே கழண்டு விழும். டிசம்பர் கடைசில இருந்து மார்ச் வரைக்கும் எப்ப வேணா விழலாம், அடிபட்ட கிடா, மெலிஞ்ச கிடா சீக்கிரம் உதுத்துடும்.

கொம்போட அளவ மூணு விஷயம் தீர்மானிக்குது, வயசு, சாப்பாடு, பரம்பரை. இதுல வேட்டைக்காரன் கைல உண்மையா இருக்கறது வயசு மட்டும் தான். ஒன்றரை வயசுல ஒரு கிடா தன்னால முடிஞ்ச கொம்புல மூணுல ஒரு பங்கு கூட காட்டாது, மூன்றரை வயசுல முக்கால் பங்கு கிட்ட வரும், அஞ்சு ஆறு வயசுல தான் உச்சம். பரம்பரைய நாம மாத்தலாம்னு நினைக்கறவங்க நிறைய பேர் உண்டு, கிளை இல்லாம வெறும் கம்பி மாதிரி ரெண்டு கொம்போட ஒரு சின்னக் கிடா வந்தா இது மட்ட ரத்தம், அடிச்சு ஒழிச்சுடுன்னு சொல்வாங்க. தெற்கு டெக்ஸாஸ்ல கமான்சே பண்ணைல பல வருஷம் இதையே பெரிய அளவுல செஞ்சு பாத்தாங்க, வலை போட்டுப் பிடிச்சு கொம்பு சரியில்லாததை எல்லாம் கழிச்சாங்க, கடைசில மந்தையோட கொம்பு அளவு ஏறவே இல்ல. காரணம் யோசிச்சா புரியும், தாய் மானும் பாதி பரம்பரை குடுக்குது, அதுக்கு கொம்பே கிடையாது, நீ எதைப் பாத்து கழிப்ப? அதோட அந்தக் கம்பிக் கொம்புக்காரன் லேட்டா பொறந்திருக்கலாம், ரெண்டாவது ரட்ல உண்டான குட்டியா இருக்கலாம், தாய்க்கு அந்த வருஷம் பால் பத்தாம போயிருக்கலாம். மிசிசிப்பி ஸ்டேட் யுனிவர்சிட்டில மண் வளம் குறைஞ்ச பகுதி மான்களைக் கொண்டு வந்து நல்ல தீனி குடுத்துப் பாத்தாங்க, தாய்க்குக் கிடைச்ச சாப்பாட்டோட பலன் முழுசா தெரிய ரெண்டு தலைமுறை ஆச்சு. அப்படி இருக்கறப்ப ஒன்றரை வயசுப் பையனோட மொதக் கொம்பைப் பாத்து அவன் ஜாதகத்தை எழுதறது அநியாயம்.

ஆக கேள்வி வயசு தான். உயிரோட நடந்து போற மானுக்கு வயசு சொல்றது எப்படின்னா கொம்பை மறந்துட்டு உடம்பைப் பாக்கணும். ஒன்றரை வயசு கிடா பெண் மானுக்குக் கொம்பு ஒட்ட வச்ச மாதிரி இருக்கும், நீளக் காலு, மெலிஞ்ச கழுத்து, நடக்கறதே ஒரு பதட்டமா. ரெண்டரையில கொஞ்சம் தோள் வரும், ஆனா கால் இன்னும் உடம்பை விட நீளமா தெரியும். மூன்றரை வயசை இங்க எல்லாரும் பந்தயக் குதிரைன்னு சொல்வாங்க, நெஞ்சு எறங்கியிருக்கும், இடுப்பு ஒடுங்கி மேல ஏறியிருக்கும், கழுத்து பருத்திருந்தாலும் தோளோட சேர்ற இடத்துல ஒரு கோடு தெரியும். நாலரைக்கு மேல அந்தக் கோடு மறைஞ்சு கழுத்து நேரா நெஞ்சுல போய் விழும், வயிறு நெஞ்சு மட்டத்துக்கு வந்துடும், அதனால கால் குட்டையா தெரியும். அஞ்சரை ஆறரைல முதுகு கொஞ்சம் தொங்கும், தொப்பை விழும், பின்னங்கால் மூட்டுல இருக்கிற சுரப்பி கருகருன்னு கீழ வரைக்கும் கறை விட்டிருக்கும், நடை கூட நம்ம ஊர் கோயில் காளை மாதிரி ஒரு அவசரம் இல்லாத நடையா இருக்கும்.

இதெல்லாம் படத்துல போட்டு எல்லா இடத்துலயும் சொல்லிக் குடுக்கறாங்க, பிரச்சினை என்னன்னா அந்தப் படங்கள் எல்லாம் அக்டோபர் கடைசி, நவம்பர் மொத வாரத்துக் கிடாவுக்கு வரைஞ்சது. பனிக்காலம் வந்தா அதே கிடா வேற மாதிரி ஆயிடும்.

ரட் சமயத்துல பெரிய கிடா சாப்பாட்டை கிட்டத்தட்ட மறந்துடும், ராத்திரி பகல் பாக்காம பெண் மான் பின்னாடி ஓட்டம், மத்த கிடாவோட சண்டை, மூணு வாரத்துல உடம்பு எடைல கால் பங்கு வரைக்கும் போயிடும். 200 பவுண்டு கிடா 150 பவுண்டா டிசம்பருக்குள்ள வரும்னு வச்சுக்கோங்க. மொதல்ல போறது கழுத்து வீக்கம், அப்புறம் தொப்பை. நாலரை வயசைக் காட்டிக் குடுக்கற ரெண்டு அடையாளமும் போச்சு, இடுப்பு மறுபடி ஒடுங்கி மூன்றரை வயசு பந்தயக் குதிரை மாதிரி நிக்கும். இன்னொரு பக்கம் குளிர்காலத்து மயிர் நல்ல அடர்த்தி, ஒவ்வொரு மயிரும் உள்ள குழாய் மாதிரி காத்தோட இருக்கும், மைனஸ் 15 டிகிரில அத சிலுப்பி நிமித்திக்கிட்டு வர்றப்ப ரெண்டரை வயசுப் பையன் கூட குண்டா முதிர்ச்சியா தெரிவான். ஒண்ணு பெரியவனைச் சின்னவனா காட்டுது, இன்னொண்ணு சின்னவனைப் பெரியவனா காட்டுது, ரெண்டும் ஒரே சாயங்காலத்துல ஒரே வயல்ல நடக்கும், அதுக்கு மேல வெள்ளைப் பனி பின்னால இருக்கறப்ப எல்லா மானும் கருப்பா பெருசா தெரியற கண் மயக்கு வேற.

அப்போ டிசம்பர்ல எதைப் பாக்கறது? கொழுப்பு போகும், எலும்பு போகாதுல்ல. நான் மொகத்தையும் நெஞ்செலும்பையும் பாக்கறேன். வயசான கிடாவோட மூஞ்சி மூக்குப் பக்கம் அகலமாவும் குட்டையாவும் தெரியும், சின்னவனுக்கு மூஞ்சி நீளமா மெலிஞ்சு பெண் மான் மாதிரியே இருக்கும். நெஞ்சு ஆழம், அதாவது முதுகுல இருந்து நெஞ்சடி வரைக்கும் உள்ள உயரம், முன்னங்கால் நீளத்தோட ஒப்பிட்டுப் பாத்தா மெலிஞ்ச பெரியவனுக்கும் அது கால் நீளத்தை விட அதிகமா தான் இருக்கும். கொம்போட அடித்தண்டு தடிமன் ஓரளவு உதவும். இதை எல்லாம் விட உதவறது பக்கத்துல வேற கிடா நிக்கறது, ரட்ல ஒண்ணை ஒண்ணு குத்திக்கிட்ட கிடாங்க பனிக்காலம் வந்ததும் மறுபடி சேந்து ஒரே வயல்ல மேயும், மூணு நாலு சேந்து நிக்கறப்ப எது யாருக்கு வழி விடுதுன்னு பத்து நிமிஷம் பாருங்க, காதை மடிச்சு ஒருத்தன் நடந்தா மத்தவன் எல்லாம் ஒதுங்குவான், வயசு அங்க தெரியும். இன்னொரு வழி ட்ரெயில் கேமரா, மான் போற தடத்துல கட்டி வச்சா தானா படம் எடுக்கற கேமரா, அக்டோபர்ல முழு உடம்போட எடுத்த படம் கைல இருந்தா டிசம்பர்ல கொம்பைப் பாத்து ஆள் அடையாளம் கண்டுபிடிச்சு வயசை படத்துல இருந்து எடுத்துக்கலாம், என் கருத்துல கொம்பு சீசன் கடைசில உருப்படியா பயன்படற ஒரே இடம் இது தான், யாருன்னு சொல்லும், வயசைச் சொல்லாது.

அடிச்ச அப்புறம் வயசு பாக்கறது தாடைப் பல்லை வச்சு, 1949ல நியூயார்க்ல செவரிங்ஹாஸ் எழுதி வச்ச முறை. மூணாவது முன்கடைவாய்ப் பல்லுக்கு மூணு மேடு இருந்தா இன்னும் பால் பல் விழல, ஒன்றரை வயசுக்குள்ள. விழுந்து ரெண்டு மேடு பல் வந்திருந்தா அதுக்கு மேல, அப்புறம் தேய்மானத்தைப் பாத்து மதிப்பிடணும். ஒவ்வொரு கிடாவும் கையில வந்தப்புறம் தாடையைப் பாத்து நாம பரண்ல நினைச்சது சரியான்னு சரிபாத்துக்கணும்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றது, இந்தப் பழக்கம் இல்லாதவங்க பத்து வருஷமா ஒரே தப்பைப் பண்ணிட்டு இருப்பாங்க.

வயசு மட்டும் தான் விடறதுக்கு காரணம்னு நினைச்சுடாதீங்க, பனிக்காலத்துல அதை விட அதிகமா விட வேண்டி வர்றது அம்பு சரியா போகாதுங்கறதால. காம்பவுண்ட் வில், அதாவது ரெண்டு முனைலயும் சக்கரம் வச்ச வில், 60, 70 பவுண்டு இழுவை, முழுசா இழுத்து நிறுத்தினா சக்கரம் பாரத்தைக் குறைச்சுடும், கைல 12, 14 பவுண்டு தான் நிக்கும். அந்த உச்சம் தாண்டி இழுக்கறது தான் கஷ்டம், மூணு மணி நேரம் மைனஸ் 12ல அசையாம உக்காந்த உடம்பு செப்டம்பர்ல இழுத்த வில்லை இழுக்காது, தோள் உறைஞ்சு போயிருக்கும், கையை மேல தூக்கி திமிறி இழுத்தா மான் பாத்துடும். அதனால டிசம்பருக்கு அஞ்சு ஆறு பவுண்டு குறைச்சு வச்சுக்கறது நல்லது. கனமான ஜாக்கெட் கை மேல நாண் உரசினா அம்பு எங்கயோ போகும், மூஞ்சி மூடற துணியால நாண் கன்னத்துல படற இடமே மாறிடும். அந்த உடுப்பையே போட்டு வீட்டுப் பின்னால பழகாம போகக் கூடாது. உடம்பை மரத்தோட கட்டிக்கற ஹார்னஸ் இல்லாம பரண் ஏறவே கூடாது, பனி உறைஞ்ச படில வழுக்கினா அவ்ளோ தான்.

சத்தம் வேற. குளிர்ந்த காத்து அசையாம நிக்கற சாயங்காலம், இலையெல்லாம் உதிர்ந்து காடே திறந்து கெடக்கு, பனி மேல எறும்பு நடந்தா கேக்கும் போல இருக்கும், அந்த மான் மூணு மாசமா வேட்டைக்காரங்ககிட்ட இருந்து தப்பி உயிர் பொழச்சு வந்தது. அம்பு நொடிக்கு 280 அடி போகுதுன்னு வைங்க, சத்தம் கிட்டத்தட்ட 1,100 அடி. 30 கெஜத்துல நிக்கற மானுக்கு சத்தம் 0.08 நொடில போயிடும், அம்பு போய்ச் சேர 0.32 நொடி. நடுவுல கால் நொடி. அந்தக் கால் நொடில மான் ஓடறதுக்காக மொதல்ல கால மடக்கி உடம்பைக் கீழ எறக்கும், நுரையீரலுக்கு விட்ட அம்பு முதுகு மேல போய்க் குத்தும், அந்த மான் நாள் கணக்கா வேதனைப்படும். அம்பு துப்பாக்கி மாதிரி அதிர்ச்சில கொல்லாது, ரெண்டு நுரையீரலையும் அறுத்து ரத்தம் போய் தான் மான் சாகுது, சரியா பட்டா பத்து பதினஞ்சு நொடில விழுந்துடும், தப்பா பட்டா விழவே விழாது. அதனால எனக்கு நவம்பர்ல 30 கெஜம்னா டிசம்பர்ல 20 கெஜம், தலை தூக்கிக் காது நிமித்தின மான்னா அதுவும் கிடையாது, கிடா எவ்ளோ வயசா இருந்தாலும் சரி.

சீசன் கடைசில மான் எங்க வரும்னு கேட்டா ஒரே பதில், சாப்பாடு. அறுக்காம விட்ட சோளம், சோயா பீன்ஸ், டர்னிப் போட்ட நிலம், அதுக்குப் பக்கத்துல வெயில் படற தெற்குச் சரிவு இல்லன்னா காத்து மறைக்கிற ஊசியிலைக் காடு. நான் போற இடம் மாநிலத்தோட தென்மேற்குல, பனிப்பாறைகள் தொடாம விட்டுட்டுப் போன மேடு பள்ளமான நாடு, டிரிஃப்ட்லெஸ்னு பேரு, ஒரு வயசான பால் பண்ணைக்காரர் தன்னோட 60 ஏக்கர்ல என்னை விட்டிருக்கார். சூரியன் மறையற கடைசி இருபது நிமிஷத்துல தான் எல்லாம் நடக்கும், மொதல்ல குட்டிங்க, அப்புறம் பெண் மான், சின்னக் கிடா, எல்லாத்துக்கும் கடைசில இருட்டற நேரத்துல பெரியவன்.

இந்த இருட்டற நேரத்துல இன்னொரு தப்பு நடக்கும், அதைப் பத்தி யாரும் அதிகமா பேசறது இல்ல, எனக்கு நடந்திருக்கு அதனால சொல்றேன். ஜனவரி மொத வாரம், பெண் மான் டேக் ஒண்ணு மிச்சம் இருந்துது, தனியா ஒரு பெரிய பெண் மான் வந்து 18 கெஜத்துல நின்னுது, நல்ல அம்பு, 60 கெஜத்துக்குள்ள விழுந்துடுச்சு, கிட்ட போய் தலையைத் தொட்டா காதுக்கு முன்னாடி ரெண்டு ரத்தம் காஞ்ச வட்டம். கொம்பு உதுத்த கிடா. தாடையப் பாத்தா மூன்றரை வயசு, நாங்க எல்லாரும் அக்டோபர்ல விட்டுட்டு அடுத்த வருஷத்துக்குன்னு சொல்லி வச்சிருந்த ஒருத்தன். சட்டப்படி தப்பு இல்ல, கொம்பு இல்லாத மான் டேக்குக்கு அது பொருந்தும், ஆனா அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடல. அதுல இருந்து டிசம்பர் 20க்கு அப்புறம் தனியா வர்ற பெரிய கொம்பில்லாத மானை பைனாகுலர்ல நெத்திய பாக்காம தொடறது இல்ல, தோளு அகலம், மூட்டுக் கறை, ஒண்ணுக்குப் போறப்ப உக்கார்ற விதம் எல்லாம் பாக்கணும். ஆண் குட்டியும் அதே மாதிரி மாட்டும், ஆறு ஏழு மாசக் கிடாக்குட்டிக்குக் கொம்பு இருக்காது, தோலுக்கடியில பட்டன் மாதிரி ரெண்டு முடிச்சு தான், தனியா மொதல்ல தைரியமா வயலுக்கு வர்ற சின்ன மான் பெரும்பாலும் அவனா தான் இருப்பான். ரெண்டு மூணு பெண் மான் சேந்து வர்ற வரைக்கும் காத்திருந்து பெருசை எடுத்தா இந்தத் தப்பு வராது.

விட்ட கிடா நமக்கே திரும்ப வருமான்னு புதுசா வர்றவங்க கேப்பாங்க. பெரும்பாலும் வராது. ஒன்றரை வயசுல ஆண் மான்கள்ல பாதிக்கு மேல பொறந்த இடத்தை விட்டு மைல் கணக்குல போயிடும், பெரிய கிடாவோட நடமாட்டமே ஒரு சதுர மைல், 640 ஏக்கர் வாக்குல இருக்கும், 60 ஏக்கர் வச்சிருக்கிறவன் அத தன்னோடதுன்னு சொல்ல முடியாது. நீ விட்டா பக்கத்துக்காரன் அடிப்பான்னு சொல்றது உண்மை தான், சில வருஷம் அப்படியே நடக்கும். எங்க பள்ளத்தாக்குல ஏழு பண்ணைக்காரங்க உக்காந்து பேசி ஒன்றரை வயசை யாரும் தொடறதில்ல, பசங்க மொதக் கிடா அடிக்கறதுன்னா எந்த வயசா இருந்தாலும் சரின்னு ஒரு வாய்மொழி ஒப்பந்தம் வச்சிருக்கோம். அந்தப் பசங்க விதிவிலக்கு எனக்கு ரொம்ப முக்கியம். பன்னெண்டு வயசுப் பையன் கை நடுங்க உக்காந்திருக்கறப்ப அவன் காதுல வயசுக் கணக்கு ஓதறது கொடுமை, அவன் மொதக் கிடாவ அவன் எடுத்துக்கட்டும். ஏற்கனவே நொண்டற கிடா, விலா எலும்பு தெரியற கிடாவையும் விடக் கூடாது, இங்க விஸ்கான்சின்ல டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் 18 இஞ்ச் பனி கிடந்த நாளையும் பூஜ்யம் ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ போன நாளையும் கூட்டி குளிர் எவ்ளோ கடுமைன்னு ஒரு எண் போடுவாங்க, 100 தாண்டின வருஷங்கள்ல வடக்குல மொதல்ல சாகறது குட்டியும், ரட்ல மெலிஞ்ச பெரிய கிடாவும் தான்.

இவ்ளோ சொல்லிட்டு நான் சொல்ல வேண்டிய கடினமான விஷயத்துக்கு வரேன். சிடபிள்யூடின்னு ஒரு நோய், மூளையைத் தின்னுற நோய், காரணம் பாக்டீரியா இல்ல வைரஸ் இல்ல, உரு மாறிப்போன ஒரு புரதம், ப்ரியான்னு சொல்வாங்க. 1967ல கொலராடோல அடைச்சு வளத்த மான்கள்ல மொதல்ல கவனிச்சாங்க, 2002ல விஸ்கான்சின்ல மவுண்ட் ஹோரெப் பக்கம் கண்டுபிடிச்சாங்க, அது எங்க ஊர்ல இருந்து கூப்பிடு தூரம். மருந்து கிடையாது, பிடிச்ச மான் பொழைக்காது, மண்ணுல வருஷக்கணக்கா கிடக்கும். பெரிய கிடாக்களுக்கு இது பெண் மானை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு அதிகமா வருது, ஏன்னா அதுங்க தான் ஊர் சுத்துது, எல்லா மானையும் நக்குது மோப்பம் பிடிக்குது. மாநிலத்தோட தென்மேற்குல சில இடங்கள்ல வளந்த கிடாக்கள்ல மூணுல ஒண்ணுக்கு மேல இந்த நோய். டிஎன்ஆர், அதாவது மாநில இயற்கை வளத் துறை, 2017ல இருந்து மான்களுக்குக் கழுத்துப் பட்டை கட்டி ஆராய்ச்சி பண்ணினதுல நோய் வந்த கிடாக்கள்ல ஒரு வருஷம் தாண்டி உயிரோட இருந்தது அஞ்சுல ஒண்ணு கூட இல்ல.

இப்போ யோசிங்க. விட்டா வளருவான்னு நாம இத்தனை வருஷம் சொன்னது வளர்ற வரைக்கும் உயிரோட இருப்பான்ங்கற நம்பிக்கைல. எங்க பகுதில மூன்றரை வயசு கிடாவ இன்னும் ரெண்டு வருஷம் விடறதுன்னா நோய் பரப்ப ரெண்டு வருஷம் குடுக்கறதா கூட இருக்கலாம். மிசோரில நோய் இருக்கிற மாவட்டங்கள்ல கொம்புக் கிளை சட்டத்தையே எடுத்துட்டாங்க. வேற மாநிலத்துல நோய் இல்லாத இடத்துல உக்காந்திருக்கிறவருக்கு சரியான பதில் எங்க ஊருக்கு சரியா வராது, அந்த மாதிரி இடத்துல இருக்கிற நண்பர் ஒருத்தர் அஞ்சரை வரைக்கும் விடுறார், அவர் விடறது அவர் மண்ணுக்கு சரியா இருக்கலாம், எனக்கு இல்ல.

நாலு வருஷம் முன்னாடி டிசம்பர் 28, ஒம்பது கிளைக் கிடா ஒண்ணு 16 கெஜத்துல டர்னிப் தின்னுட்டு நின்னுது, இடுப்பு ஒடுங்கி, கழுத்துக் கோடு தெரிஞ்சு, மூன்றரைன்னு முடிவு பண்ணி விட்டேன். மார்ச்ல அதோட இடது கொம்பு ஓடைக் கரைல கெடச்சுது, இப்பவும் மேஜை மேல இருக்கு. அடுத்த நவம்பர் துப்பாக்கி சீசன்ல மூணாவது பண்ணைக்காரரோட பையன், பதிமூணு வயசு, அவனோட மொதக் கிடா, அதே ஒம்பது கிளை. இழுத்து வர நான் தான் போனேன். தாடையப் பாத்தேன், அஞ்சரை, நான் விட்டப்பவே நாலரை இருந்திருக்கு, மெலிஞ்ச உடம்பு என்னை ஏமாத்திடுச்சு. தலையை வெட்டி டிஎன்ஆர் வச்சிருக்கிற பெட்டில சோதனைக்குப் போட்டோம், ரெண்டு வாரத்துல பாசிட்டிவ்னு வந்துது. அமெரிக்காவோட நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி அப்படிப்பட்ட கறிய சாப்பிட வேணாம்னு தான் சொல்லுது, ஃப்ரீஸர்ல பேர் எழுதி அடுக்கி வச்சிருந்த அத்தனை கறியையும் மான் கழிவுக்குன்னு ஊர்ல வச்சிருக்கிற பெரிய குப்பைத் தொட்டில பையனே கொண்டு போய் போட்டான், அவன் அப்பா கிட்ட ஒரு வார்த்தை பேசல.

அந்த வருஷத்துல இருந்து நான் ஒன்றரைய விடறேன், ரெண்டரைய விடறேன், மூன்றரை வயசுன்னு தோணினா, 20 கெஜத்துக்குள்ள தலை தாழ்ந்திருந்தா, வில்லை இழுக்கறேன்.